பின்சக்கரம் தள்ளும் இரண்டு வண்டிகள்

ஒரகடம் ஆலையில் என் கையைத் தாண்டிப் போகும் கார்களை எல்லாம் முன்சக்கரம்தான் இழுக்கும். கடைசிப் பரிசோதனை என் வேலை. கீறல், இடைவெளி, சத்தம், எதைக் கண்டாலும் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவேன். பின்சக்கரம் தள்ளும் பழைய வேக வண்டி ஒன்று எனக்கே எனக்கு வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

வடக்குப்பட்டில் ஒருவர் அப்படி இரண்டு வைத்திருந்தார். ஒன்று ஆறு சிலிண்டர் ஜெர்மன் செடான். மற்றது இரண்டே பேர் உட்காரும் சின்ன ஜப்பான் வண்டி. ஒன்றைத்தான் விற்பார், எது என்று நாங்களே சொல்லலாம். எனக்குச் சின்னதன் மேல் கண். என் கணவர் திருநெல்வேலிக்காரர். அவர் செடான் கட்சி.

"எங்கம்மா வந்தா எங்கன உக்காருவாவ? டிக்கியிலயா?"

நியாயமான கேள்விதான். அதனாலேயே எரிச்சல் வந்தது. எதில் குறை குறைவு என்பதை ஸ்டிக்கர் சொல்லட்டும் என்று பையிலிருந்து சுருளை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கூட அது என் பையில் இருக்கும். குனிந்து, தடவி, தட்டிப் பார்த்து மும்முரமாக ஒட்டினேன். செடானில் ஏழெட்டு. சின்னதில் சுருளே தீர்ந்துவிட்டது.

உரிமையாளர் ஓடி வந்தார். "இன்னாம்மா இது, வண்டிக்கு அம்மை போட்டா மாரி கீது!"

அப்போதுதான் அது அடுத்தவர் வண்டி என்பதே உறைத்தது. கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியா? ஒங் கையாலயே ஒட்டிட்ட."

சரி, ஓட்டியாவது பார்ப்போம் என்றேன். கம்பெனி பஸ்கள் இல்லாத சாலை. செடானுக்கு ஸ்டியரிங் கனம். வேகம் ஏற ஏற நிதானம் கூடியது. வளைவில் அலட்டிக்கொள்ளவே இல்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை, மரியாதையாக இறங்கினேன்.

சின்னதில் எஞ்சின் காதருகில் கத்தியது. மணிக்கட்டை அசைத்தாலே கியர் விழுந்தது. காலியான ரவுண்டானாவில் கொஞ்சம் அழுத்தினேன். பின்பக்கம் லேசாக வழுக்கியது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பியதும் நேராகிவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். அடக்கவே முடியவில்லை. இன்னொரு சுற்று, அப்புறம் இன்னொன்று. கணவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

திரும்பி வந்ததும் உரிமையாளர் கேட்டார், "எதும்மா?"

மனசைக் கல்லாக்கிக்கொண்டு செடான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"சின்னதுதாண்ணே," என்று முந்திக்கொண்டார் கணவர். "இவ இப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அம்மா பஸ்ஸுல வரட்டும்."

சொல்லிவிட்டு, வீடு வரைக்கும் தான் ஓட்டுவதாகச் சாவிக்குக் கை நீட்டினார். கொடுப்பேனா?