வாகைக்குள் குடியிருந்த கொம்பு வண்டு

போன செவ்வாய்க்கிழமை என் மானம் கப்பலேறிவிட்டது... அதுவும் என் சொந்த சாமில்லில், மச்சான் மகள் முன்னால்!

குறிஞ்சிப்பாடியில் என் மில்லைத் தெரியாதவர் உண்டா? மரம் வாங்கும் முன் கோடரியின் பின்பக்கத்தால் ஒரு தட்டு தட்டுவேன். காதை வைத்துக் கேட்டால் போதும், உள்ளே கெட்டியா சொத்தையா என்று சொல்லிவிடுவேன். ஸ்கேன் எல்லாம் எனக்கு அப்புறம் வந்ததுதான்.

அப்படித் தட்டித்தான் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு கிராமத்தில் பட்டுப்போன கிழட்டு வாகை ஒன்றை வாங்கினேன். கோடையில் இலை கொட்டுகிற பழைய மரங்கள் நின்ற ஊர்ப் பொதுக் காடு. இப்போது ஒரு மூலைதான் மிச்சம்.

"சிங்கம் மாதிரி மரம்!" என்று மச்சான் மகள் தமிழரசியிடம் போனில் அளந்தேன். சிதம்பரத்தில் வீடு கட்டுகிறாள். இந்த வாகையில் நிலை அறுத்து வெள்ளிக்கிழமை வாசலில் வைக்க நாள் குறித்தாகிவிட்டது. காலேஜில் பூச்சி பாடம் நடத்துகிறவள். மரம் அறுப்பதைப் பார்க்க அவளே வந்து நின்றாள்.

முதல் பலகை விழுந்தது. கட்டை முழுக்க விரல் நுழைகிற துளைகள்! உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் புழு. ஒரு துளையிலிருந்து பெரிய வண்டு ஒன்று ஊர்ந்து வந்தது. உடம்பைவிடக் கொம்பு நீளம்.

மில் ஆள் செல்வம் செருப்பைக் கழற்றினான்.

"அண்ணே, அடிக்காதீங்க!" தமிழரசி பாய்ந்து அதைக் கையில் ஏந்திக்கொண்டாள்.

செல்வம் என்னைப் பார்த்தான். "முதலாளி தட்டுனப்ப இது ஒண்ணும் பதில் சொல்லலியா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏம்மா, முந்திரிக் காட்டுல இந்த மாதிரி வண்டக் கொன்னே வளந்தவன் நானு."

"அது வேற மாமா. அது நல்லா இருக்குற மரத்தத் துளைக்கும். இதுக்குப் பட்டுப்போன கிழட்டு மரத்துலதான் குடித்தனம். புழு வண்டா ஆவறதுக்கே வருஷக்கணக்கா ஆவும். நானே இன்னிக்குத்தான் நேர்ல பாக்குறேன். காட்டையும் அழிச்சி, பட்ட மரத்தையும் தூக்கியாந்துட்டா இதுங்க எங்க போவும்? அடியோட அத்துப்போயிடும்."

"அப்ப உன் வாசல் நிலை?"

"பரவால்ல மாமா, வேற நாள் பாத்துக்கறேன்."

அவள் உள்ளங்கையில் நின்று கொம்பை ஆட்டி ஆட்டி என்னை விசாரித்தது அந்த வண்டு. எவனும் சீந்தாத கழிவுக் கட்டைகளை வாங்கி விற்றுத்தான் நானும் முதலாளி ஆனேன். பார்க்கப் பார்க்க, தூரத்துச் சொந்தக்காரன் போலவே இருந்தது!

என் மாடி வீட்டுக்கென்று வைத்திருந்த தேக்கு நிலையை அன்றே சிதம்பரத்துக்கு ஏற்றினேன். "என் அண்ணன் பொண்ணுக்குக் குடுத்ததால தப்பிச்சீங்க" என்றாள் வீட்டுக்காரி.

மறுநாள், அறுத்த பலகையைக் கட்டையோடு சேர்த்துக் கட்டி, வண்டையும் உள்ளே விட்டு, லாரியில் அந்தக் காட்டுக்கே கொண்டுபோனேன். ஊர்க்காரர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "என்ன முதலாளி, மரம் கோவிச்சிக்கிச்சா? அம்மா வூட்டுக்கே கொண்டாந்து விடுறீங்க?"

நிற்கிற மரம் மட்டும்தான் காடு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். விழுந்து கிடப்பதும் காடுதான் போலிருக்கிறது!

சரி, நான் திரும்பியதும் யாராவது விறகுக்குப் பிளந்துவிட்டால்? எங்கள் தொழிலில் விலைபோன கட்டைக்குச் சிவப்பு பெயிண்டில் வாங்கியவன் பெயரைப் போடுவோம். அப்புறம் அதை இன்னொருவன் தொட மாட்டான். இரண்டு முனையிலும் கொட்டை கொட்டையாய் என் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.

என் பெயர் போட்ட கட்டையில் இந்த ஜில்லாவில் எவன் கை வைப்பான்? வண்டுக்கு இதைவிட என்ன பட்டா வேண்டும்!