வாக்கர் என்பவன் நடப்பவன் அல்லன்

இப்பத்தியில் வழக்கமாக ஏதேனும் ஒரு சொல்லின் பிறப்பைப் பற்றி எழுதுவேன். ஓரிருவர் பாராட்டுவர், ஓரிருவர் பிழை பிடிப்பர், வாரம் கழியும்.

இவ்வாரமும் ஒரு சொல்லின் பிறப்புத்தான். ஆனால் இதனை நான் எழுதியே ஆகவேண்டியிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணின் திருமணம் என் வாய்ச்சொல்லால் நின்றுபோனது. அந்தக் கதையைப் பலர் பேசியிருக்கிறார்கள். பிடிவாதம் பிடித்த தகப்பன், துணிவில்லாத பெண், கைவிட்டுப்போன பெடியன்... இப்படியெல்லாம். அதில் என் பங்கை எவரும் பேசுவதில்லை. நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஒரேயொரு பெயரை மட்டும் மாற்றவில்லை — வாக்கர். அதை மாற்றினால் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை முற்பகல் சிவப்பிரகாசம் என் வீட்டுக்கு வந்தார். ஊரில் அஞ்சலகத்தில் பணியாற்றியவர். இங்கே ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் மகன் வாங்கிய புது வீட்டில் இருக்கிறார். என்னிலும் ஆறு வயது இளையவர். சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே ஓர் அட்டையை நீட்டினார். கெட்டியான வெள்ளை அட்டை; பொன்னிற எழுத்து. 'ரே வாக்கர், வீடு விற்பனை முகவர்.'

"ஆர் இந்தத் துரை?" என்றேன்.

"எங்கடை ரவிதான், மாஸ்ரர்! பேரை மாத்திப் போட்டான். சட்டப்படி."

"ஏன், சிவப்பிரகாசத்துக்கு என்ன குறை?"

"சிவப்பிரகாசம் எண்டு கார்டிலை போட்டால் ஒரு வெள்ளையும் ரெலிபோன் எடுக்கிறானில்லை. ரண்டு வருசம் பொறுத்துப் பாத்தவன். வாய்க்குள்ளை நுழையேல்லையாம். இப்ப வந்து பாருங்கோ, மணி ஓயுதில்லை."

தந்தையின் பெயரை மகன் கழற்றி வைத்துவிட்டான். அதைத் தந்தையே மகிழ்ந்து சொல்கிறார். ஆயினும் அந்தப் பிள்ளையைக் குறைசொல்ல மனம் வரவில்லை. பெயரைப் பார்த்தவுடன் அட்டையைக் குப்பையில் எறிகிற ஊரில் அவன் வேறு என்ன செய்வான்?

"அது சரி... வாக்கர் எண்டு எப்பிடி எடுத்தனீங்கள்?"

சிவப்பிரகாசத்தின் முகம் மலர்ந்தது. இக்கேள்விக்காகவே காத்திருந்தார் போலும்.

"அது சும்மா எடுக்கேல்லை, மாஸ்ரர். ரெலிபோன் புத்தகத்தை விரிச்சு வைச்சு, நானும் அவனுமா ஒரு கிழமை இருந்து பாத்தனாங்கள். ஸ்மித் எண்டான். பக்கம் பக்கமாக் கிடக்கு. அது கொல்லன்ரை பேரடா, விடு எண்டன். பேக்கர், பாபர், பொட்டர், காப்பென்ரர்... முடிவெட்டுறவன், சட்டி வனையிறவன், தச்சன், ஒண்டும் வேண்டாம் எண்டிட்டன். தொழில் பேர் எங்களுக்குச் சரிவருமே? வாக்கர் எண்டால் நடக்கிறவன். அதிலை ஒரு தொழிலும் இல்லை, ஒரு கரைச்சலும் இல்லை."

கவனியுங்கள்... ஆங்கிலேயரின் பெயர்ப் பட்டியலை விரித்து வைத்து, அதற்குள்ளும் சாதி பார்த்துச் சலித்து எடுத்திருக்கிறார்கள். கனடாவில். தொலைபேசிப் புத்தகத்தில்!

வந்த அலுவலைப் பிறகு சொன்னார். மில்லிக்கனில் ஒரு கடைத்தொகுதியில் மகன் அலுவலகம் திறக்கிறான். திறப்பு விழாவில் வாசிக்க ஒரு வாழ்த்துப்பா வேண்டும். நான்கு விருத்தம் போதும்.

"அந்தப் பேரின்ரை கருத்தையும் உள்ளை வைச்சுப் பாடுங்கோ. முன்னுக்கு நடக்கிறவன், எல்லாருக்கும் வழிகாட்டுறவன்... அந்த மாதிரி. ஃபிரேம் போட்டு ஒஃபிசிலை மாட்டப் போறான்."

ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒரு சொல்லின் கருத்தை உறுதிசெய்யாமல் பா இயற்றும் வழக்கம் எனக்கு இல்லை. திங்கட்கிழமை பேருந்து ஏறி நூலகத்துக்குப் போனேன்.

நூலகப் பொறுப்பிலிருந்த வெண்தலை அம்மையார் ஒருவர் ஆங்கிலக் குடும்பப்பெயர் அகராதிகள் இரண்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார். இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்லின. பெயர் 'நடத்தல்' என்னும் வினையோடு தொடர்புடையதுதான். ஆனால் இவன் தெருவில் நடந்தவன் அல்லன், தொட்டிக்குள் நடந்தவன்.

தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியில் எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் இருக்கும். அவை போகவும், இழைகள் இறுகவும், துணியை நீர்த்தொட்டியில் இட்டு நாள் முழுதும் காலால் மிதிக்கவேண்டும். அழுக்கை வாங்க ஒருவகைக் களிமண் இடுவர். அதற்கும் முன்னர் இட்டது, வீடுவீடாகச் சேர்த்து வைத்துப் புளித்த சிறுநீர். அதனுள் முழங்கால் ஊற நின்று துணி மிதித்தவனே வாக்கர்.

வட இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் அவனுக்கு வாக்கர் என்று பெயர்; தென்கிழக்கே ஃபுல்லர்; தென்மேற்கே டக்கர். பெயர் மூன்று, தொழில் ஒன்று. பின்னர் நீரால் சுழலும் ஆலைகள் வந்து அவன் கால்களுக்கு ஓய்வு கொடுத்தன. பெயர் மட்டும் பிள்ளை, பேரப்பிள்ளை என்று தொடர்ந்து கடல்கடந்து ரொறன்ரோ வரை வந்து சேர்ந்தது. இந்நகரில் எத்தனை வாக்கர்? தொலைபேசிப் புத்தகத்தில் விரல் வைத்து எண்ணத் தொடங்கி, இரண்டாம் பக்கத்தில் கை சோர்ந்து விட்டுவிட்டேன்.

"என் தாயார் வழியும் வாக்கர்தான்" என்றார் அந்த அம்மையார். பெயரின் பரவலுக்கு வேறு சான்றும் வேண்டுமா?

பொருள் தெரியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தெரியாமலா? மூத்திரத்தில் நின்று பிழைத்த கூட்டம் நாங்கள்!" என்று சொல்லி, வாசித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கச் சிரித்தார். பின் குரலைத் தணித்து, "உங்கள் மக்களின் பெயர்களில் என்ன தொழில்கள் இருக்கின்றன?" என்றார்.

எங்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை, தந்தையின் பெயரையே சேர்த்து எழுதுவோம் என்று விளக்கினேன்.

"அப்படியானால் யாருடைய பாட்டனார் என்ன வேலை செய்தார் என்பது இரண்டு தலைமுறையில் மறந்து போய்விடுமே!"

மறந்து போய்விடுமா?

நாங்கள் பெயரில் எழுதி வைப்பதில்லை, அம்மா. விசாரித்து வைத்துக்கொள்வோம். விசாரிப்பதற்கென்றே என்னைப் போன்றவர்களை வைத்திருக்கிறோம்... இதை அவரிடம் நான் சொல்லவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே சிவப்பிரகாசம் என்னைத் தொலைபேசியில் அழைத்திருந்தார். அவருடைய மகள் வாசுகி மருத்துவமனை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். அவள் ஒருவனை விரும்பியிருந்தாள்.

"உங்கடை பள்ளிக்கூடத்திலை படிச்ச பெடியனாம், மாஸ்ரர். குமரன் எண்டு பேர். இப்ப ஒஷாவாவிலை எஞ்சினியர். கட்டினால் அவனைத்தான் எண்டு நிக்கிறாள். அவை... ஆர் ஆக்கள்?"

ஆர் ஆக்கள்! சாதி என்ன என்று கேட்க நாக்கூசுபவர்கள் கேட்கும் கேள்வி இது. கூசுவது நாக்கு மட்டுமே.

நாடு விட்டு வருமுன் வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொரு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். குமரன் என் மாணவன். வெண்பாவைத் தளை தட்டாமல் எழுதிக்காட்டிய ஒரே மாணவன். அவனுடைய அப்பாவின் அப்பா எங்கள் ஊரில் துணி வெளுத்தவர். என் வேட்டிகளையும் அவரே வெளுத்தார். அவை இருந்த வெண்மையைக் கண்டு மற்ற ஆசிரியர்கள் என்னைப் பகிடி பண்ணுவார்கள்.

"தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். "தங்கமான பிள்ளை" என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மையே. ஆனால் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. கேட்டவுடன் எடுத்துச் சொல்வதில் எனக்கு அவ்வளவு பெருமை. ஊர் சொன்னேன், வீடிருந்த ஒழுங்கை சொன்னேன். தகப்பன் பெயர், தகப்பனுக்குத் தகப்பன் பெயர், தொழில்... மேற்கோள் காட்டுவது போல் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தேன்.



"பெரிய உதவி, மாஸ்ரர்" என்றார்.

ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. தகப்பன் உண்ணாமல் படுத்தார், தாய், இலண்டனில் இருக்கும் தன் சகோதரர்களுடன் எந்த முகத்தோடு பேசுவேன் என்று அழுதார், மகள் விட்டுக்கொடுத்தாள். அதன் பின்னர் வந்த எந்தச் சம்பந்தத்துக்கும் அவள் இசையவில்லை. இப்போது முப்பத்தொரு வயது.

அன்று நூலகத்தில் அகராதியின் அப்பக்கத்தை ஒளிநகல் எடுத்தேன். கசப்போடு ஒரு சிறு நம்பிக்கையும் எழுந்தது. குமரன் இன்னும் மணமுடிக்கவில்லை என்று கேள்வி. இதைக் காட்டினால் சிவப்பிரகாசம் வெட்கப்படமாட்டாரா? நான் உடைத்ததை நானே ஒட்டிவிடலாம் அல்லவா?

மறுநாள் மாலை ரூஜுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் வாசுகி. தகப்பனார் கூடத்தில் இருந்தார். ஒளிநகலை வாசித்து ஒவ்வொரு வரிக்கும் கருத்துச் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"மெய்யே?" என்றார். "நல்ல காலம், எங்கடை சனம் ஒருத்தருக்கும் தெரியாது. நீங்களும் பாட்டிலை சேர்த்துப் போடாதேங்கோ."

"பாட்டுக் கிடக்கட்டும், பிரகாசம். குமரன் இன்னும் கட்டேல்லையாம். நீங்கள் ஓம் எண்டால் நானே ஒஷாவாவுக்குப் போய்க் கதைக்கிறன்."

"என்ன பகிடியே, மாஸ்ரர்?" அவருடைய குரல் உயர்ந்தது. "அது வேறை, இது வேறை. வெள்ளைக்காரன் மூத்திரத்துக்குள்ளை நிண்டாலும் வெள்ளைக்காரன். அவன் எங்கடை வீட்டுக்குப் பின்பக்கத்தாலை வந்தவனே?"

வாசுகி வந்து என் கையிலிருந்த தாளை வாங்கினாள். நின்றபடியே முழுவதும் வாசித்தாள். சிரிக்கவில்லை.

"அப்பா, முன்கதவிலை உந்தப் பேர்தானே அடிச்சுக் கிடக்கு? இனி நாங்களும் பின்பக்கத்தாலை வரவோ?"

"நீ உள்ளை போ."

அவள் போகவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், நீங்கள் ஒஷாவாவுக்குப் போகத் தேவையில்லை. நான் போனனான். போன மார்கழி. அப்பாவுக்கும் இப்பத்தான் தெரியும்."



"என்ன சொன்னவன்?" என்றேன்.

"'உம்மடை அப்பா கேட்டவர். அது அவற்றை குணம், எனக்கு அதிலை கோவமில்லை. எங்கடை தமிழ் சேர் ஏன் சொன்னவர்?' எண்டு கேட்டார். வேறை ஒண்டும் கதைக்கேல்லை. 'இனி வராதையும்' எண்டு பஸ்ஸிலை ஏத்திவிட்டிட்டுப் போட்டார்."

பிறகு அவளே கேட்டாள். "ஏன் அங்கிள் சொன்னனீங்கள்?"

பள்ளியிலும் பின்னர் பத்திரிகையிலுமாக நாற்பது ஆண்டுகள் பிறருக்கு விடை சொல்லி வாழ்ந்தவன் நான்.

"அது உண்மைதானே, பிள்ளை" என்றேன்.

"ஓம், உண்மைதான். கிழமைக்குக் கிழமை பேப்பரிலை உண்மைதானே எழுதுறீங்கள்? இதையும் எழுதுங்கோ. என்ரை பேரைப் போடாதேங்கோ. உங்கடையைப் போடுங்கோ."

போட்டிருக்கிறேன். வழக்கம்போல் தலைப்பின் கீழ் இருக்கிறது.

வாழ்த்துப்பா எழுதி அனுப்பவில்லை. ஆயினும் சென்ற ஞாயிறு திறப்பு விழாவுக்குப் போனேன். போகாமல் ஒளிந்தேன் என்று எனக்கே தோன்றிவிடக்கூடாது. வாசுகி வரவில்லை. வேறொருவர் பா வாசித்தார். 'வாக்கர்' என்பதற்கு 'ஊக்கர்' என்று எதுகை. யாப்பில் குறையில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

வாயிலில், ஆளுயர எழுத்துப் பலகையின் கீழ், வடைத் தட்டோடு இருவர் நின்றார்கள்.

"சாப்பாடு திறம். உந்தக் கேற்றரிங்காரர்... அவை ஆர் ஆக்கள்?"

"உதிலை மாஸ்ரர் நிக்கிறார். அவருக்குத் தெரியாத குடும்பமே? கேளுங்கோ."

கேட்டார். எனக்குத் தெரியும். மூன்று தலைமுறை தெரியும்.

"தெரியாது" என்றேன். மூன்று ஆண்டுகள் பிந்திவிட்டது.

வாக்கர் என்னும் பெயரின் பிறப்பு, பொருள், பரவல் பற்றி மேலே சொன்னவை இரண்டு அகராதிகளையும் என் குறைந்த ஆங்கிலத்தையும் நம்பியவை. பிழை காணும் வாசகர்கள் அருள்கூர்ந்து எழுதித் திருத்துக, நன்றியுடன் ஏற்பேன். அன்று தொலைபேசியில் சொன்னவற்றில் மட்டும் பிழை ஒன்றும் இல்லை. ஊர் சரி, ஒழுங்கை சரி, பெயர்கள் சரி.

அதனை எப்படித் திருத்துவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.