மூக்கு மரத்துப்போன பிறகு நடத்திய கடை

கொரோனா வந்துபோனதும் எனக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. மற்றவர்களுக்கு ஓரிரு மாதத்தில் திரும்பியது. எனக்குத் திரும்பவில்லை. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் நானும் என் மனைவியும் டிபன் கடை வைத்திருந்தோம். சமையல் என்னுடையது. உப்பும் உறைப்பும் மட்டும் நாக்குக்குத் தெரிந்தன. மற்றதெல்லாம் வெறும் சுடுதண்ணீர்தான். அவள் முகர்ந்து பார்த்துத் தலையாட்டிய பிறகே எதையும் பரிமாறுவோம். இதை யாரிடமும் சொல்லவில்லை. வாசனை தெரியாதவன் சமைக்கிறான் என்றால் யார் வந்து உட்காருவார்கள்?

ஒரு நாள் தன் அக்காவுக்கு உடம்பு சரியில்லையென்று அவள் செவிலிமேட்டுக்குப் போயிருந்தாள்.

"எதுவா இருந்தாலும் புதுசா அரைச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

முந்தைய நாள் அரைத்த தேங்காய் விழுது ஃபிரிட்ஜில் இருந்தது. இடையில் கரண்ட் போய் வெகுநேரம் வராமலிருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டது. அதையே வடகறியில் கொட்டிவிட்டேன்.

இரண்டு பேர் பாதியிலேயே எழுந்து கை கழுவினார்கள். அவசரம் போல என்று நினைத்தேன். ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர், கடை திறந்த முதல் வாரத்திலிருந்து வருகிறவர், தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று இன்னொரு டிரைவர் சொன்னார். ஓடினேன். கண்கள் உள்ளே போய், கையில் குளுக்கோஸ் ஏறப் படுத்திருந்தார்.

"அண்ணா, நம்ம கடை வடகறியா?"

"விடுப்பா. ரெண்டு நாள்ல எழுந்துடுவேன்."

"ருசி மாறியிருந்துதா?"

"வாயில வெச்சதுமே தெரிஞ்சிச்சிபா. நீ எதிர்லயே நின்னு பாத்துக்கினு இருந்த. எப்படி அப்படியே வெச்சிட்டு எழுந்திரிக்கிறது?" என்றார்.

அவரிடம்தான் முதன்முதலாக உண்மையைச் சொன்னேன்.

"எவ்ளோ நாளா?"

"மூணு வருசமா."

"ஐயோ, சொல்லியிருக்கக் கூடாதாபா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

குணமாகி மறுபடியும் கடைக்கு வந்தார். ஆனால் டீ மட்டும்தான் குடித்தார். நானும் சாப்பிடச் சொல்லவில்லை.

அதன்பின் என் மனைவி கடையைவிட்டு நகரவே இல்லை. சந்தேகத்தில் ஒரே சட்டினியை மூன்று முறை அவள் முகத்துக்கு நேரே நீட்டுவேன். சலிக்காமல் முகர்ந்து பார்ப்பாள். அக்காவைப் பார்க்கப் போகச் சொன்னால், "ஞாயித்துக்கெழமை போறேன்" என்பாள். ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம். ஆடி மாதம் அந்த அக்கா இறந்துபோனாள். ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிப் பத்து நாளில் ஒருமுறைகூட இவளால் போக முடியவில்லை.

காரியம் முடிந்து வந்ததும் கடையை விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு பட்டுச்சேலைக் கடையில், வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் காட்டிய சேலைகளை மடித்து வைக்கிறேன். அவள் இன்னமும் விடியுமுன்னே விழித்துக்கொள்கிறாள். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் சமையலறை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.