உலக நெருக்கடி வகுப்பில் ஒரு சொந்தத் தீர்மானம்

ரப்பர் விலை சரிந்து எங்கும் ஆட்குறைப்பு நடந்த காலத்தில், கடல் கடந்து வந்த தமிழர்கள் வாழ்ந்த பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாசகசாலை மாடியில் வாரம் ஒரு மாலை பெரியவர்களுக்கு வகுப்பு நடந்தது. பாடம், உலக நெருக்கடிகள். நடத்திய பள்ளி ஆசிரியர் பிரசங்கம் செய்ய மாட்டார். ஒருவரை அமெரிக்கா ஆக்குவார், இன்னொருவரை ஜெர்மனி ஆக்குவார், பேசவிடுவார், முடிவில் கை தூக்கச் சொல்வார். ஜெர்மனியின் கடனை இரண்டு தடவை தள்ளுபடி செய்திருந்தோம். பகலெல்லாம் பத்திரிகையில் தந்திச் செய்திகளை மொழிபெயர்த்துவிட்டு வரும் எனக்கு அங்கேயும் அதே செய்திகள்தான். ஆனாலும் போனேன். வீட்டில் இருந்தால் சம்பளக் குறைப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

எங்களில் நன்றாகப் பேசக்கூடியவர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவருக்கு வேலை போயிற்று. மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வேலையிழந்தவர்களை அரசாங்கம் இலவசமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மனைவி போகலாம் என்றார், அவர் இருக்கலாம் என்றார். வீட்டில் அது தீரவில்லை. ஒரு மாலை மனைவியையும் அழைத்துவந்து பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“சார், இன்னைக்கு எங்க கேஸை எடுத்துக்குங்க. ஊருக்குப் போறதா, இங்கயே இருக்கறதா? சபை சொல்றபடி செய்றேன்.”

“ஜெர்மனியை விட இது சுலபம்லா,” என்றார் ஒரு தபால்காரர். சிரித்தோம்.

ஃபிட்டர் இருப்பதற்காகப் பேசினார். அமெரிக்காவுக்காகப் பேசிய அதே குரல். “ரப்பர் விலை இதுக்கு மேல எங்க இறங்கும்? ஏறித்தான் ஆகணும். ஏறினா பட்டறையில என்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க.” எதிர்த்துப் பேச யாரும் எழவில்லை. ஆசிரியர் கை தூக்கச் சொன்னார். இருக்கலாம் என்று ஏறக்குறைய எல்லாக் கைகளும் எழுந்தன. என்னுடையதும்.

“நானும் தூக்கலாமா சார்?” என்று கேட்டார் ஃபிட்டரின் மனைவி.

“நீங்க வகுப்புல சேரலையேம்மா.”

“அப்ப சரி, நீங்களே தூக்குங்க. நான் காலைல லேபர் ஆபீஸ்ல ரெண்டு பேர் பேரையும் கப்பலுக்குக் குடுத்துட்டேன்.”

ஃபிட்டர் திரும்பினார். “யாரைக் கேட்டுக் குடுத்த?”

“யாரைக் கேக்கணும்? மாசக் கடைசியில வீட்டைப் பூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நாம எங்க படுக்கறது? கை தூக்குன இந்த அண்ணனுங்க வீட்லயா?”

அந்தக் கேள்வி எங்களைப் பார்த்துக் கேட்கப்பட்டதல்ல. இருந்தாலும் கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. எனக்கு இரண்டே அறை, ஐந்து பேர், தபால்காரருக்கும் அப்படித்தான். ஆசிரியர் எண்ணிக்கையைக் கேட்கவில்லை. அன்றைய பாடமான தங்க நாணய முறையைப் பற்றிப் பேசுவோமா என்று மட்டும் கேட்டார். யாருக்கும் தெம்பில்லை.

அந்த அம்மாள் முன்னால் இறங்கினார். பின்னால் போன ஃபிட்டர், விலை ஏறத்தான் போகிறது என்று படிக்கட்டு முழுதும் சொல்லிக்கொண்டே போனார்.