இடது கைச் சிலுவை

போன ஞாயிறு பூசையில், பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா அக்கா இடது கையால் சிலுவை போட்டுக்கொண்டார். பின்வரிசையில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள்.

அக்கா எங்கள் ஃபிளாட்டில் அடுத்த வீடு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி வேலை. தலைக்கு மேலே இருக்கும் தட்டிலிருந்து நாள் முழுக்கச் சாமான்களை எடுத்து இறக்க வேண்டும். வலது தோள் போய்விட்டது. இப்போது தலை சீவிவிடக்கூட மகள்தான்.

பூசை முடிந்து கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம்.

"உக்காந்து செய்ற லைன் கேட்டீங்களே, என்னாச்சுக்கா?"

"ஆள் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க தம்பி. ஆபத்து கொறச்சலாம். லைன் மாத்த முடியாதுன்னுட்டாங்க."

வந்தவர், வேலை செய்யும்போது உடம்பு படும் பாட்டை மதிப்பிடுகிறவர். பெரிய கருவி எதுவும் கிடையாது. கை எவ்வளவு உயருகிறது, முதுகு எவ்வளவு வளைகிறது... கண்ணால் பார்த்து மார்க் போடுவார். நல்ல முறைதான். செலவில்லை, வேலையை நிறுத்தவும் வேண்டாம். பிறகு எங்கே தவறியது?

"கெஸ்ட் வராங்கன்னு சூப்பர்வைசர் முந்தின நாளே சொல்லிட்டாரு. நாங்களே எல்லாத்தையும் கெமாஸ் பண்ணி ஒழுங்கா வச்சிட்டோம் லா! தட்டையெல்லாம் கீழ எறக்கி வச்சோம். நானும் நல்லா நிமிந்து நின்னு மெதுவா செஞ்சேன். வலிக்குதான்னு வந்தவரு கேட்டாரு. சூப்பர்வைசர் பக்கத்துலயே நிக்கிறாரு... இல்லன்னு சிரிச்சேன்."

விருந்தாளி வந்தால் கிழிந்த பாயைச் சுருட்டி ஒளித்து வைக்கிறவர்கள்தானே நாம்? வலியையும் அப்படியே ஒளித்துவிட்டோம். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை, கண்டதைத்தான் எழுதினார். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாதாரண நாளில், ஓவர்டைம் ஓடும் வேளையில் வந்திருக்கக் கூடாதா? சூப்பர்வைசரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கக் கூடாதா? நீங்களே சொல்லுங்கள்.

தட்டுகள் மறுநாளே மேலே ஏறிவிட்டனவாம். கேட்கக் கேட்க எனக்கு மனசு ஆறவில்லை.

"உண்மையச் சொல்லி, திரும்ப வந்து பாக்கச் சொல்லுங்கக்கா."

"வெக்கமா இருக்கு தம்பி. எல்லார் முன்னாடியும் இல்லன்னு சொல்லிட்டேனே..."

பேசிக்கொண்டே இடது கையால் கோப்பையை எடுக்கப் போனவர், நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். சட்டென்று வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்து, கோப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உதடு மட்டும் இறுகியது.

தெருவில் போகும் வண்டிகளைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஓரக்கண்ணில் தெரிந்தது... கோப்பையைத் தூக்கியது இடது கைதான்.