புகைபோக்கியில் இரண்டு தட்டு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் கூரைமேல் நின்று கையை நீட்டியவன் நான்தான். என் பத்து விரலும் முழுசாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த டிசம்பர் மாலை ஞாபகம் வருகிறது.

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடபகுதியில், ஏரிக்கரையில் தனி வீடு. மார்லிஸ் என்ற பெண்மணி அதை வாங்கிக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அடுப்பு மூட்டினால் புகை மேலே ஏறாமல் கூடத்துக்குள்ளேயே திரும்பி வந்தது. புகைபோக்கியின் உச்சியில் இருந்த பழைய விசிறியைக் கழற்றிவிட்டு, புகையை இழுத்து வெளியே தள்ளும் புது விசிறியைப் பொருத்த வேண்டும். நானும் என்னோடு வேலை செய்யும் ஆர்லோவும் போனோம்.

முகவரி என்னிடம்தான் இருந்தது. ஆனால் ஏரி வளைவில் நான் வாயைத் திறக்குமுன் ஆர்லோ வண்டியைத் திருப்பிவிட்டான்.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"வாசல்ல விளக்கு எரியுதுல்ல."

எரியவில்லை.

விசிறியில் கை வைக்குமுன் எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. அடுப்பை முதல் நாளே அணைத்திருக்க வேண்டும். கீழே இருப்பவன் நிலவறைக்குப் போய், விசிறிக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தி, மின்பெட்டியில் பூட்டுப் போடுவான். மேலே இருப்பவன் ஸ்பானரால் புகைபோக்கியை ஒரு தட்டுத் தட்டுவான். நிறுத்தியாச்சா என்று அர்த்தம். கீழிருந்து இரண்டு தட்டு வந்தால், நிறுத்திப் பூட்டியாச்சு. காற்றில் கத்தினால் காதில் விழாது. தட்டு பொய் சொல்லாது என்பார்கள்.

அடுப்புச் சாம்பலைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது.

"பூட்டை எடுத்துக்கிட்டு நிலவறைக்குப் போ" என்றேன். வழக்கமாக, "நீ விழுந்தா உன் சாப்பாடு எனக்கு" என்பான் ஆர்லோ. அன்றைக்கு வெறுமே தலையாட்டினான்.

மார்லிஸ் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். "பாத்து ஏறுங்க தம்பி. விழுந்தா தாங்கிப் பிடிக்கிற வயசு இல்ல எனக்கு."

மணி நாலு பத்து. வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. விசிறியின் மூடியைத் திறந்தேன். இறக்கைகள் அசையாமல் நின்றன.

ஒரு தட்டுத் தட்டினேன்.

காத்திருந்தேன்...

டக். டக்.

கையை உள்ளே நீட்டினேன். பாதியில் நிறுத்தினேன். அந்தச் சத்தம் நிலவறையிலிருந்து வந்தது போலில்லை... என் முழங்கைக்குக் கீழேயே கேட்டது.

டெஸ்டரை வைத்தேன்.

சிவப்பாக எரிந்தது. மின்சாரம் நிற்கவில்லை.

கையை இழுத்தேன்.

விசிறி சுழன்றது.

சூடு பட்டால் மட்டுமே ஓடும் விசிறி அது. கீழே இருந்ததோ ஜில்லென்ற சாம்பல்.

எப்படி இறங்கினேனோ தெரியாது. "ஏணியை விட்டுடாதீங்கம்மா, மறுபடி ஏறணும்" என்று மார்லிஸிடம் சொன்னது மட்டும் ஞாபகம்.

ஆர்லோ வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். பூட்டு அவன் மடியில் இருந்தது.

"நிறுத்தாம ஏன்டா தட்டின?"

"நான் வீட்டுக்குள்ளயே போகல, வெர்ன். கால் வரல."

"அந்தம்மா ஏணிகிட்ட. நீ இங்க. அப்போ தட்டினது யாரு?"

"ரெண்டு தட்டா?"

"ரெண்டு."

முகத்தை மூடிக்கொண்டான். பிறகுதான் சொன்னான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், வேறொரு கம்பெனியில் இருந்தபோது, இதே வீடு. மேலே டுவேன் என்பவன். கீழே இவன். நிலவறைப் படியில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அலறல் கேட்டது. விசிறி அவன் ஒரு கையை வெட்டி எடுத்திருந்தது. டுவேன் கூரையிலிருந்து விழுந்தான். சாகுமுன் அவன் சொன்னது ஒன்றுதான்: ஆர்லோ ரெண்டு தட்டுத் தட்டினான்.

"நான் தட்டலடா. ஒருத்தனும் நம்பல. டுவேன் பொண்டாட்டி இன்னிக்கும் என்னைக் கண்டா தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவா."

"அவகிட்ட நான் வந்து சொல்றேன்" என்றேன்.

இருவரும் சேர்ந்தே நிலவறைக்குள் இறங்கினோம். மின்சாரத்தை நிறுத்தினோம். ஆளுக்கொரு பூட்டுப் போட்டோம்.

அப்போது...

டக்.

உச்சியிலிருந்து. ஒரே ஒரு தட்டு.

கூரையில் யாருமில்லை.

ஆர்லோ பூட்டுகளை இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்துப் பார்த்தான். ஸ்பானரை எடுத்து, புகைபோக்கியின் செங்கல்லில் நிதானமாகத் தட்டினான்.

இரண்டு.

வெளியே வந்தோம். மார்லிஸ் ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க மூணாவது ஆளு எங்க தம்பி போனாரு?" என்றார். "இப்பதான் இறங்கினாரு. பாவம்... ஒத்தைக் கையால பிடிச்சுக்கிட்டு."