ஒன்பது இலைக்குக் குழைந்த சோறு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணன் கையால் ஒரு வேளையாவது சாப்பிட்ட நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணன் கண்மூடி இன்றோடு ஓர் ஆண்டு நிறைகிறது. அண்ணனின் மூத்த மருமகன் சென்ற மாதம் வீட்டுக்கு வந்து, "சின்ன மாமா, மலருக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுங்க. நல்ல விஷயமா மட்டும் எழுதுங்க" என்றார். நல்ல விஷயம் மட்டும் என்றால் நாலு பக்கம் வருமா என்று யோசித்தேன். அண்ணனுடன் பழகியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மலாக்காவில் அண்ணனுக்குப் பெயர் தேவைப்பட்டதில்லை. தமிழர், மலாய்க்காரர், சீனர், செட்டிகள் எல்லாருமே அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டார்கள். ஆகையால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது அறந்தாங்கிப் பக்கம். அப்பா காலமானபோது அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஐந்து. அதன்பின் குடும்பத்தின் சாப்பாட்டுக் கவலை அண்ணன் தலையில் விழுந்தது. கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் சேர்ந்து அடுப்பு வேலை கற்றுக்கொண்டார். அம்மாவும் போனபிறகு அங்கே எங்களைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. கப்பல் ஏறியதில் நான்தான் முந்திக்கொண்டேன். தெங்கேராவில் ஒரு மளிகைக் கடையில் இரண்டு வருடம் நின்றேன். பிறகு அண்ணனை வரச்சொல்லிக் கடிதம் போட்டேன். அவர் வந்து செங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணிமார்களுக்குச் சமைத்தார். கைக்கு ஓரளவு பிடிமானம் கிடைத்ததும் காஜா பெராங்கில் ஓர் ஒட்டுக்கடையை வாடகைக்கு எடுத்தார். மூன்று மேசை, ஆறு பெஞ்சு, பின்னால் தகரக் கூரை போட்ட அடுப்படி. அவ்வளவுதான் கடை.

வேலையை அன்றே பிரித்துக்கொண்டோம். அடுப்பு அவருக்கு, வாய் எனக்கு. அண்ணனுக்கு அப்போது ஒரு சொல் மலாய் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதைக் கவனிக்கவும். பருப்பு, எண்ணெய், ஒன்று, இரண்டு, வா, போ, நாளைக்கு வரும். என் மலாய் அந்த மளிகைக் கடைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் பேசுகிற தோரணை பிரமாதமாக இருக்கும். அண்ணன் அதை நம்பினார்.

அண்ணன் கோபக்காரர். புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதைக் கண்டிப்பு என்று எழுதுவார்கள். கண்டிப்பெல்லாம் இல்லை, கோபம்தான். கள்ளுக்கடையிலிருந்து நேராக வருகிறவர்களைப் பின்பெஞ்சில் உட்காரவைத்து, முதலில் ஒரு செம்பு மோரைக் குடிக்கச் சொல்வார். குடித்து முடித்தால்தான் இலை விழும். ரசத்தைத் தேநீர்க் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிற சீனத் தச்சர் ஒருவர் தினமும் வருவார். அவரைப் பார்த்து யாராவது சிரித்துவிட்டால் அண்ணன் கரண்டியோடு வெளியே வந்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, சோறு. பருக்கை பருக்கையாக உதிர வேண்டும். இரண்டு பருக்கை ஒட்டிக்கொண்டால் அந்தப் பானை மேசைக்கு வராது. நானும் அவரும் அதைத் தின்று தீர்க்கவேண்டியதுதான். "இது சோறா, போஸ்டர் ஒட்டுற பசையா?" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு சாப்பிடுவார்.

அப்படிப்பட்டவருடைய கடைக்குத்தான் இந்த ஊர் "லெம்பெக் கடை" என்று பெயர் வைத்தது. குழைந்த சோற்றை மலாயில் நாசி லெம்பெக் என்பார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். அண்ணன் மகள்களின் கல்யாணப் பந்தியில்கூட அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. அந்தக் கதை பாதிதான் உண்மை. மீதிப் பாதியை எழுதத்தான் இந்தக் கட்டுரைக்குச் சம்மதித்தேன்.

கடைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தால் செட்டிகளின் கிராமமான கம்போங் செட்டி. வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன்: அங்கே இருப்பவர்கள் பல தலைமுறைக்கு முன் நம் நாட்டிலிருந்து வந்தவர்களின் வழியினர். நெற்றியில் திருநீறு இருக்கும், கோவிலில் நம்மைப் போலவே கும்பிடுவார்கள், மாமா, மாமி, அக்கா என்றுதான் முறை சொல்வார்கள். மற்றப் பேச்செல்லாம் மலாய். அவர்களில் மூத்த ஒரு வீட்டுக்காரி மீனாச்சி மாமி. சமையலில் அந்தக் கம்போங்கே அவர் பேச்சைத்தான் கேட்கும்.

நாங்கள் கடை திறந்த முதல் வருடம், பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது மாமி கடைக்கு வந்தார். வலது கை முழுவதும் துணி சுற்றியிருந்தது. கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டதாம். அண்ணன் அடுப்படியில் இருந்தார். நான்தான் எழுந்து நின்று பேசினேன். மாமி மலாயில் சொன்னது இது: போகியன்று அந்தி நேரத்துக்கு "ஓராங் துவா"வுக்கு ஒன்பது இலைச் சாப்பாடு வேண்டும். மீனும் கோழியும் மிளகாய்ச் சம்பலும் வீட்டில் மருமகள்கள் செய்துவிடுவார்கள். சோறு, பருப்பு, கூட்டு, பாயசம் நம் கடையிலிருந்து வரட்டும். ஓராங் துவா உங்கள் ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டு வெகுநாள் ஆகிறது.

ஓராங் துவா என்றால் வயதானவர்கள். என் அகராதியில் அவ்வளவுதான் இருந்தது. இறந்துபோன முன்னோரையும் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. போகியன்று முன்னோருக்கு அவர்கள் வைக்கிற படையலுக்குப் பார்ச்சு என்று பெயர். அதுவும் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்டால் மலாய் தெரியாதவன் என்று ஆகிவிடுமே! "போலே, போலே, ஆகட்டும் மாமி" என்று தலையை ஆட்டி அனுப்பிவிட்டு உள்ளே போனேன்.

"அண்ணே, பெரிய வீட்டு ஆர்டர். ஒன்பது கிழவங்க. சாப்பிட்டு ரொம்ப நாளாச்சாம்."

"ஏன்டா, உடம்பு சரியில்லையா?"

"அப்படித்தான் இருக்கும்."

"பல்லு?"

"அந்த வயசுல பல்லு எங்கண்ணே இருக்கும்?"

அண்ணன் அரிசிப் பானையை எட்டிப் பார்த்தார். பிறகு, "அப்ப சோத்தைக் குழைய வடிச்சிருவோம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது எனக்கே அதிசயமாக இருந்தது.

போகியன்று கடையை மத்தியானத்தோடு சாத்திவிட்டுச் சமைத்தார். நோயாளிக்குச் செய்கிற மாதிரி சோற்றைக் குழையவிட்டார். பருப்பை மத்தால் கடைந்து, தொண்டையில் சிக்கும் என்று மிளகாயை எடுத்துவிட்டார். பூசணிக் கூட்டில் நார் வருகிறதா என்று விரலால் நசுக்கிப் பார்த்தார். பாயசத்துக்கு முந்திரிப்பருப்பைப் பொடித்துப் போட்டார். யாரோ முகம் தெரியாத ஒன்பது கிழவர்களுக்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்து நான் கேலிகூடச் செய்தேன்.

பானைகளைத் தூக்கிக்கொண்டு இருவரும் போனோம். கூடத்தில் ஒன்பது இலை. விளக்கு, சாம்பிராணி. இலைகளுக்கு எதிரே ஒருவரும் உட்காரவில்லை. உறவுக்காரர்கள் ஐம்பது பேர் ஓரமாகக் கைகட்டி நின்றார்கள். இது படையல் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அண்ணன் மட்டும், "பெரியவங்களைக் கூப்பிடச் சொல்லுடா, ஆறிடும்" என்றார்.

ஒரு மருமகள் சோற்றை அள்ளி முதல் இலையில் வைத்தாள். அது நிற்காமல் பரந்தது. மீன் குழம்பை ஊற்றியதும் இரண்டும் சேர்ந்து இலையின் நுனிவரை ஓடின. மாமியின் கொழுந்தனார் முன்னால் வந்து, "இனி அபா? புபோர்?" என்றார். இது என்ன, கஞ்சியா என்று கேட்கிறார். அத்தனை முகங்களும் அண்ணனைப் பார்த்தன.

"என்னடா கேக்குறாரு?" என்றார் அண்ணன்.

 கொழுந்தனாரைப் பார்த்து மலாயில் சொன்னேன்: "நான் சரியாகத்தான் சொன்னேன். என் அண்ணன்தான் பல் இல்லாத கிழவர்களுக்கு என்று தப்பாகப் புரிந்துகொண்டார்." என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் மலாய் பேசியது அன்றுதான். பக்கத்தில் நின்ற அண்ணனுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. "என்ன சொன்னாங்க?" என்று திரும்பக் கேட்டார். "நல்லா இருக்குன்னு சொல்றாங்கண்ணே" என்றேன். அண்ணன் அந்தச் சபைக்குக் கைகூப்பினார். சிரித்துக்கொண்டே கூப்பினார்.

மீனாச்சி மாமி சிரிக்கவில்லை. கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு மலாயில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "அங்கே போனவர்களுக்குப் பல் எல்லாம் இருக்கும்."

மறுநாள் பொங்கலுக்குள் கதை கம்போங் முழுவதும் பரவிவிட்டது. செத்தவர்களுக்குப் பல் இல்லை என்று கஞ்சி காய்ச்சிய அண்ணே! லெம்பெக் கடை என்ற பெயரும் அந்த வாரமே வந்தது. கம்போங் செட்டியிலிருந்து ஆர்டர் நின்றுபோனது. அண்ணன் ஏன் என்று என்னிடம் கேட்கவில்லை. அடுத்த மாதம் ஒரு காலையில் ஒரு பானைச் சோற்றைத் தானே தூக்கிக்கொண்டு எங்கேயோ போனார். வெறும் பானையோடு திரும்பி வந்தார். "எங்கண்ணே போனீங்க?" என்றேன். "சும்மா" என்றார். கொஞ்ச நாளில் மாமி வீட்டிலிருந்து மறுபடி ஆள் வந்தது. அதன்பின் ஒரு வருடம்கூடப் போகி இலை எங்கள் கடையை விட்டுப் போகவில்லை. பதிலுக்கு மாமி கற்றுக்கொடுத்த சம்பல் வெள்ளிக்கிழமைதோறும் நம் கடைச் சாம்பாரோடு ஒரே இலையில் விழுந்தது. அதற்காகவே வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ரப்பர் விலை விழுந்த வருடங்களில், தோட்டங்களில் ஆள் குறைத்து ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் கடைக்கு வந்தார்கள். அண்ணன் கறிகளைக் குறைத்தார், சோற்றைக் குறைக்கவில்லை. அண்ணியை ஊரிலிருந்து அழைத்து வந்ததும், இரண்டு பெண்களைக் கரையேற்றியதும், அந்தத் தகரக் கூரையின் கீழ் நின்றுதான். இவையெல்லாம் நல்ல விஷயங்கள். மருமகனுக்காக எழுதிவைக்கிறேன்.

கடைசி ஆறு மாதம் அண்ணன் படுத்துவிட்டார். பல் எல்லாம் விழுந்து, தண்ணீர் இறங்குவதே பெரும்பாடாகிவிட்டது. மாமிக்கு அப்போது எண்பதை நெருங்கியிருக்கும். தினமும் ஒரு சிறு தூக்கில் குழைந்த சோறும் கடைந்த பருப்பும் பேரன்மாரிடம் கொடுத்தனுப்புவார். முதல் நாள் தூக்கைத் திறந்து பார்த்ததும் அண்ணன் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"டேய், அன்னைக்கு நீ அவங்ககிட்ட என்ன சொன்னேன்னு அடுத்த மாசமே எனக்குத் தெரியும்."

 கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"நமக்கு விறகு கொண்டுவர்ற கம்போங் மாட்டுவண்டிக்காரர் சொல்லிட்டாரு. அவர்கிட்டயே ரெண்டு வார்த்தை மலாய் கேட்டுக்கிட்டுத்தான் மாமி வீட்டுக்குப் போனேன். சாலா சாயா. அதான் நான் கத்துக்கிட்ட மொத மலாய்."

சாலா சாயா என்றால், தப்பு என்னுடையது.

"ஏண்ணே என்னைய ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ ரோஷத்துல கடையை விட்டுப் போயிருவ. அப்புறம் பரிமாற நான் எங்கடா ஆளுக்குப் போறது?"

இவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஒரே கடையில் நின்றிருக்கிறோம். உப்பு கூடியதற்கும், இலை கிழிந்ததற்கும், நான் தாமதமாக வந்ததற்கும் தெருவே கேட்கத் திட்டியிருக்கிறார். இந்த ஒன்றுக்கு மட்டும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சென்ற வாரம் மீனாச்சி மாமி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, "சாலா சாயா, மாமி" என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை அவர். வெற்றிலையை மென்றுகொண்டே, "நான் ஆர்டர் சொன்னது உன்னிடம்தானே! உன் அண்ணனுக்கு அப்போது மலாயே தெரியாது. எங்களுக்கு என்ன புத்தி இல்லையா?" என்றார். அப்படியானால் ஏன் ஊர் முழுக்க அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று கேட்டேன். "அவர் வந்து தன் தப்பு என்றார். ஒரு மனுஷன் கேட்டு வாங்கிக்கொண்டதை நாங்கள் எப்படிப் பிடுங்குவது?" என்றார்.

ஆகவே சொந்தபந்தங்களே, அந்தப் பெயரை இன்றோடு அண்ணனிடமிருந்து எடுத்து என்னிடம் கொடுத்துவிடுங்கள். லெம்பெக் நான்தான். இனிமேல் பந்தியில் சிரிக்கிறவர்கள் என் பெயரைச் சொல்லிச் சிரிக்கலாம்.

அண்ணன் படுக்கையில் கிடந்தபோது இரவும் பகலும் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், இரண்டு பெண்களுக்கும், மருமகன்மார்களுக்கும், கடையை ஒரு நாளும் சாத்தவிடாமல் முறைபோட்டு அடுப்பில் நின்ற நண்பர்களுக்கும், பாடைக்கு மூங்கில் சீவிக் கொடுத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போன அந்தச் சீனத் தச்சருக்கும், கம்போங் செட்டி மக்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று மத்தியானம் அண்ணனுக்கு இலை போடுகிறோம். கறிகளை மாமி வீட்டில் செய்கிறார்கள். சோறு நம் கடை அடுப்பில், என் பொறுப்பு. எப்படி வடிக்கப்போகிறாய் என்று மாமி கேட்டார். இந்தத் தடவை நான் யோசிக்கவே இல்லை. உதிரி உதிரியாக வடிக்கப்போகிறேன். அண்ணனுக்கு இப்போது பல் எல்லாம் இருக்கிறது.